ஒரே உடம்பு, நாலு கணக்கு: காங்கேயம் கொப்பரைக் களத்துக்காரர் ஒருவரின் கொழுப்பளவு

தை மாதம் இரண்டாம் வாரம் அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது கையில் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று ரத்தப் பரிசோதனை முடிவு. இன்னொன்று, ஜிம்மில் ஒரு மெஷின் மேல் ஏறி நின்றதும் அது அச்சிட்டுக் கொடுத்த தாள். மூன்றாவது, வீட்டுத் தராசு செல்போனுக்கு அனுப்பிய எண்ணை மகள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. "ஒண்ணு கொழுப்பு 29.4ங்குது, ஒண்ணு 23.8ங்குது. ரெண்டும் ஒரே வாரத்துல எடுத்தது. எதுங்கம்மிணி நெசம்?" என்றார். உடம்பின் எடையில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண்.

நான் காங்கேயத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்குப் பதினான்கு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள், தவறாகப் படித்த ஓர் எண்ணை நம்பி, நன்றாகப் போய்க்கொண்டிருந்த முயற்சியையே அவர் விட்டுவிட இருந்தார். அந்த நிலைமைக்கு நானும் ஒரு காரணம் என்பதால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன். அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

ஆள்

வயது 47. உயரம் 168 செ.மீ., எடை 66.4 கிலோ. சொந்தமாகக் கொப்பரைக் களம். பத்து வருடம் முன்புவரை தேங்காய் உடைப்பது, காயப் போடுவது, மூட்டை தூக்குவது எல்லாம் அவரே. இப்போது ஆள் வைத்திருக்கிறார். நாளில் பாதி போனிலும் பாதி வண்டியிலும் போகிறது. கையும் காலும் மெலிந்தவை. முகத்தில் சதையே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அவர் ஒல்லி. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தக் கணக்கில் அவருடைய அம்மா மாதம் தவறாமல் எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டு முடித்த நேரத்தில் எடுத்த அளவு அது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. வேட்டி கட்டுகிறவருக்கு இடுப்பு பெருத்தது தெரிவதில்லை. பேண்ட் போடுகிறவருக்குத்தான் பட்டன் சொல்லும். "அரணாக்கயிறு எத்தன தடவ மாத்துனீங்கண்ணா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அஞ்சு வருசத்துல ரெண்டு தடவ, ரெண்டு தடவையும் நீளங்கூடத்தான் என்றார்.

அவருடைய பிஎம்ஐ 23.5. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெட்லே, மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பார்க்கக் கண்ட கணக்கு. உலக அளவில் 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை; இந்தியர்களுக்கு அந்த எல்லையை 23 என்று வைத்திருக்கிறார்கள். ஆக நம் கணக்கில் அவர் கோட்டை லேசாகத் தொட்டவர், அவ்வளவுதான். ஆனால் இடுப்புக்கு இந்திய ஆண்களின் எல்லை 90 செ.மீ. அதை அவர் தாராளமாகத் தாண்டியிருந்தார்.

இந்த இடத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அதில் இருக்கும். இருவருக்கும் பிஎம்ஐ சரியாக 22.3. எக்ஸ்ரே கதிர்களை வைத்து உடம்பின் கொழுப்பைக் கணிக்கும் டெக்ஸா ஸ்கேனில் யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம். நம் களத்துக்காரர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு எண்கள்

ஜிம் தாள் 29.4, வீட்டுத் தராசு 23.8 என்று இரண்டு எண் ஏற்கெனவே இருந்தன. நான் காலிப்பர் என்ற இடுக்கி போன்ற கருவியில் தோல்மடிப்பு எடுத்ததில் 27.6 வந்தது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பி எடுத்த முழு உடல் டெக்ஸா ஸ்கேனில் 32.1. கூடிய எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் எட்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். 66 கிலோ ஆளில் அது ஐந்தரை கிலோ கொழுப்பு.

இதில் எது பொய் என்று கேட்பதைவிட, எது எதை நிஜமாகவே அளக்கிறது என்று கேட்க வேண்டும். உயிரோடிருக்கும் மனிதரின் கொழுப்பைப் பிரித்தெடுத்து யாரும் எடை போட முடியாது. அப்படி நேரடியாகப் போட்டது இறந்தவர்களின் உடலில்தான். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரஸ்ஸல்ஸில் 25 உடல்களைத் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று பிரித்து நிறுத்தினார்கள். மற்ற எல்லா முறையும் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது.

காலிப்பரில் இருந்து தொடங்குகிறேன். மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை, இடுப்பெலும்புக்கு மேல் என்று நாலு இடத்தில் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் சேர்த்துப் பிடித்து மில்லிமீட்டரில் அளக்கிறோம். அவருக்குக் கூட்டுத்தொகை 62 மி.மீ. இதைச் சதவீதமாக்க நான் பயன்படுத்தியது டர்னினும் வாமர்ஸ்லியும் 1974-இல் வெளியிட்ட சூத்திரம். கிளாஸ்கோவில் 209 ஆண்களையும் 272 பெண்களையும் நீருக்குள் எடை போட்டு, அந்த அளவோடு தோல்மடிப்பைப் பொருத்திக் கண்டது. ஸ்காட்லாந்துக்காரர்களின் உடம்பில் தோலுக்கு அடியில் எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்ற விகிதம் அந்தச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நம் ஆளுக்குக் கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே கிடக்கிறது. அதை என் காலிப்பர் பிடிக்கவே முடியாது. டெக்ஸாவைவிட நாலரை குறைவாக வந்ததற்கு இது முக்கியக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீருக்குள் எடை போடுவது என்றதும் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "சின்ன வயசுல கெணத்துல மூச்ச விட்டுட்டா கல்லு மாதிரி அடிக்குப் போயிருவனுங்க. இப்ப சும்மா படுத்தாலே மெதக்கறேன்." இவ்வளவு தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கொழுப்பின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.9 கிராம், மீதி உடம்பின் அடர்த்தி சுமார் 1.1. முழு உடம்பின் அடர்த்தி தெரிந்தால் இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே 1942-இல் இந்த வழியில்தான் அவர்கள் நாட்டுக் கால்பந்து வீரர்கள் 25 பேரை அளந்தார். ராணுவத்தின் உயர எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் எடை கூடியதால் தகுதியற்றவர்கள். தண்ணீரோ, அவர்கள் உடம்பில் கொழுப்பு குறைவு, தசைதான் அதிகம் என்று காட்டியது. எடை மட்டும் பார்த்தால் அவர்களைக் குண்டு என்போம். நம் களத்துக்காரரை ஒல்லி என்றோம்.

அடர்த்தியைச் சதவீதமாக்க வில்லியம் சிரி கொடுத்த கணக்கு எளிமையானது: 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழிக்க வேண்டும். அடர்த்தி 1.030 என்றால் 30.6 சதவீதம், 1.040 என்றால் 26.0. நூறில் ஒரு பங்கு நகர்ந்தால் நாலரை சதவீதம் நகர்கிறது. நுரையீரலில் தங்கிய காற்றைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலோ, எலும்பு தேய்ந்து அந்த 1.1 பொருந்தாமல் போனாலோ பதில் மாறிவிடும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் ஆராய்ச்சியாளர்கள் நாலு கூறு முறை வைத்திருக்கிறார்கள்: எடை, அடர்த்தி, கனநீர் குடிக்க வைத்துக் கணக்கிடும் உடல் நீர், டெக்ஸாவில் எலும்புத் தாது. உயிரோடிருப்பவருக்கு ஆகத் துல்லியமானது அதுதான். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நம் போன்றவர்களுக்கு எட்டாது.

டெக்ஸா இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை உடம்பு முழுக்கச் செலுத்துகிறது. எலும்பு, தசை, கொழுப்பு மூன்றும் அவற்றை வெவ்வேறு விகிதத்தில் தடுக்கின்றன. கதிர்வீச்சு, இயற்கையாகவே ஓரிரு நாளில் நம் மேல் படும் அளவுக்குள் அடங்கிவிடும். இதிலும் ஊகம் உண்டு. இரண்டு கதிர்களால் ஒரே இடத்தில் இரண்டு பொருளைத்தான் பிரிக்க முடியும். எலும்பு இருக்கும் புள்ளிகளில், அதாவது படத்தில் சுமார் 40 சதவீதம் இடத்தில், கொழுப்பும் தசையும் எவ்வளவு என்பதைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் அது நிரப்புகிறது. ஒரு கம்பெனி மெஷினுக்கும் இன்னொரு கம்பெனி மெஷினுக்கும் எண் ஒத்துப்போகாது. நம் பக்கத்தில் இந்த மெஷின் பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பெலும்புத் தேய்மானம் பார்க்கத்தான் ஓடுகிறது. போவதற்கு முன் "முழு உடல் சேர்மானம் எடுப்பீர்களா" என்று போன் பண்ணிக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் ஸ்கேன்படி கொழுப்பு 21.3 கிலோ, எலும்புத் தாது 2.5, மீதி மென்திசு, அதாவது தசை, உறுப்புகள், நீர் எல்லாம் சேர்ந்தது, 42.6.

பதினான்கு வாரம்

உணவில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்தோம், கொள்ளும் பச்சைப்பயறும் முட்டையும் தினமும் ஏதாவது ஒரு வேளையில் வந்தன, எள்ளுருண்டை நின்றது. வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. வீட்டுத் தராசில் வாரம் ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எந்த நேரம், எப்படி என்று சொல்லவில்லை. என் தவறு அது.

சித்திரை பிறந்த வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. "மூணு மாசம் வாயக் கட்டி வயித்தக் கட்டி ஒண்ணரை கிலோ எறங்கியிருக்கறேன். கொழுப்பு 25.1ங்குது. அப்பக் கரைஞ்சதெல்லாம் சதைதானுங்களா? இதுக்கு நான் சும்மாவே இருந்திருப்பேன்." குரலில் அவ்வளவு வெசனம். தராசின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர் சொன்னது சரிதான். 66.4 கிலோவில் 23.8 சதவீதம் 15.8 கிலோ, 64.9 கிலோவில் 25.1 சதவீதம் 16.3 கிலோ. கொழுப்பு அரை கிலோ கூடி, மற்றது இரண்டு கிலோ கரைந்ததாக ஆகிறது.

முதல் தடவை எப்போது ஏறினீர்கள் என்று கேட்டேன். மகள் தராசு வாங்கிய அன்று பொழுதோட, களத்தில் இருந்து வந்து குளித்துவிட்டு, ஈரக் காலோடு. இந்தத் தடவை? வெடியால, படுக்கையை விட்டு எழுந்ததும் நேராக. அவர் காலைப் பார்த்திருக்கிறேன். வெறுங்காலில் களத்தில் நடந்து நடந்து குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு.

அந்தத் தராசு கொழுப்பை அளப்பதில்லை. ஒரு காலில் மெல்லிய மின்சாரத்தை ஏற்றி மறு காலில் வாங்கி, நடுவே எவ்வளவு தடை என்று பார்க்கிறது. தசையில் சுமார் முக்கால் பங்கு நீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் ஓடும், கொழுப்பில் ஓடாது. தடை கூடினால் கொழுப்பு கூடுதல் என்று எழுதுகிறது. நாள் முழுக்க நின்றால் நீர் காலுக்கு இறங்கும், தடை குறையும். இரவு முழுக்கப் படுத்து எழுந்தால் கால் வற்றியிருக்கும், தடை கூடும். காய்ந்த தடித் தோல் தன் பங்குக்கு இன்னும் கூட்டும். இவருடைய கொழுப்பு இருக்கும் வயிற்றுப் பக்கம் அந்த மின்சாரம் போவதே இல்லை. மீதியை வயது, உயரம், எடை வைத்து உள்ளே இருக்கும் சூத்திரம் எழுதிக்கொள்கிறது. நேரில் வந்தபோது செயலியில் வயதை 47-க்குப் பதில் 27 என்று மாற்றி ஏறச் சொன்னேன். அதே நிமிடத்தில் கொழுப்பு மூன்று சதவீதம் குறைந்தது.

ஜிம்மில் இருந்தது கைக்கும் காலுக்கும் எட்டு மின்முனை உள்ள மெஷின், அதனால் கொஞ்சம் மேல். ஆனாலும் உடம்பின் எடையில் பாதியைச் சுமக்கும் நடு உடம்பு மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது உடனே புரியும்: பெரிய குழாயில் தடை கிடையாது, எல்லாம் சின்ன ட்யூபில்தான். கை காலில் வரும் சின்ன மாற்றம் எண்ணை ஆட்டிவிடும், வயிற்றில் வரும் பெரிய மாற்றம் லேசாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் தெளிந்துவிட்டது. "அட, இது நம்ம மீட்டரு கதையல்லங்க!" என்றார். ஆதரவு விலைக் கொள்முதலில் அரவைக் கொப்பரை ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு வைத்திருக்கும் மீட்டரைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அது ஈரத்தையா அளக்குது? கரண்டு ஓடறத அளக்குது. களத்துல இருந்து சுடச்சுட எடுத்த பருப்புல வெச்சா ஒண்ணு சொல்லும், ஆறுன பொறவு வெச்சா வேற சொல்லும். அதனால ஆற வெச்சு, மூணு எடத்துல வெச்சுப் பார்த்துத்தான் ரேட்டே பேசுவோம். என்ற ஒடம்புக்கு மட்டும் அத மறந்துட்டேன் பாருங்க." வேலை செய்து சூடான தோலில் ரத்த ஓட்டம் கூடித் தடை குறைவது, வியர்த்து நீர் வற்றினால் தடை கூடுவது, இரண்டும் ஒரே மத்தியானத்தில் எதிரெதிராக இழுப்பது என்று நான் சொல்ல வேண்டிய பாதிப் பாடம் அவர் தொழிலிலேயே இருந்தது.

அப்புறம் ஒரு வாரம் நோட்டுப் போட்டார். வெடியால, பொழுதோட என்று இரண்டு பத்தி. வெடியால சராசரி 24.9, பொழுதோட சராசரி 22.1. ஒரே ஆள், ஒரே வாரம். ஈரத் துணியால் காலைத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி ஏறியதில் மட்டும் 1.4 குறைந்தது. அவரைத் தூங்கவிடாமல் செய்த மாற்றம் மொத்தமே 1.3.

இரண்டாவது ஸ்கேன்

அதே மருத்துவமனை, அதே மெஷின், முதல் தடவை போலவே காலையில் வெறும் வயிற்றில். எடை 64.9. கொழுப்பு 18.6 கிலோ, அதாவது 28.7 சதவீதம். மென்திசு 43.8. எலும்பில் மாற்றம் இல்லை. தோல்மடிப்புக் கூட்டுத்தொகை 62-இலிருந்து 51 மி.மீ., சதவீதத்தில் 27.6-இலிருந்து 24.8. ஜிம் மெஷின் 29.4-இலிருந்து 27.0. இடுப்பு 94-இலிருந்து 88. எச்பிஏ1சி 5.8.

மூன்று முறைகளும் எண்ணில் ஒத்துப்போகவில்லை, திசையில் ஒத்துப்போகின்றன. காலிப்பர் தொடக்கத்திலும் முடிவிலும் டெக்ஸாவைவிட நாலு சதவீதம் போலக் குறைவாகவே சொன்னது. ஒரே அளவு தவறுகிற கருவியை வைத்து மாற்றத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு அளவு தவறுகிற கருவியை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது.

இனி, எவ்வளவு உரிமை கொண்டாடலாம் என்ற கேள்வி. ஒரே ஆளை இறக்கி ஏற்றி மறுபடி ஸ்கேன் எடுத்தாலே எண் கொஞ்சம் ஆடும். ஒவ்வொரு மையமும் தன் மெஷினில் 15 பேரை மூன்று தடவை அல்லது 30 பேரை இரண்டு தடவை எடுத்து அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. அதை 2.77-ஆல் பெருக்கி வருவதைத் தாண்டினால்தான் மாற்றம் என்று நம்பலாம். அந்த மையம் கொடுத்த ஆட்டம் கொழுப்புக்கு 0.35 கிலோ, மென்திசுவுக்கு 0.4. பெருக்கினால் கொழுப்புக்கு 1 கிலோ, மென்திசுவுக்கு 1.1. அவருடைய கொழுப்பு 2.7 கிலோ இறங்கியிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். மென்திசு 1.2 கிலோ ஏறியிருக்கிறது, கோட்டை மயிரிழையில்தான் தாண்டுகிறது. பயிற்சி செய்யும் தசை மாவுச்சத்தையும் அதோடு நீரையும் சேர்த்து வைக்கும், டெக்ஸா அதையும் மென்திசு என்றே எழுதும். அதனால் "தசை ஏறியிருக்குதுங்களா?" என்று அவர் ஆசையாகக் கேட்டபோது, "கரையலைன்னு உறுதியாச் சொல்லலாமுங்கண்ணா, ஏறுச்சுன்னு அடுத்த ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் ஏப்ரலில் அவரை வாட்டியதே அளவுக்கு மேல் நம்பிய ஓர் எண்தான். இன்னொன்றை நானே கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது நான் காலிப்பர் அளவைச் சதவீதமாக மாற்றுவதையே நிறுத்திவிட்டேன். நாலு இடத்து மில்லிமீட்டரையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் சீட்டில் எழுதித் தருகிறேன். கிளாஸ்கோ சூத்திரத்தின் ஊகம் அதில் இல்லை. வீட்டுத் தராசு இருக்கிறவர்களிடம் எடையை மட்டும் எழுதுங்கள், கொழுப்பு எண் வேண்டும் என்றால் ஒரே நேரத்தில், காலைத் துடைத்துவிட்டு ஏழு நாள் எடுத்துச் சராசரியைக் கொண்டு வாருங்கள் என்கிறேன். டெக்ஸாவுக்கு எல்லோரையும் அனுப்புவதில்லை. முடிவு எடுக்க அந்த எண் வேண்டும் என்கிற இடத்தில் மட்டும், ஆறு மாத இடைவெளியில். பெரும்பாலானவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று ஒரு கயிறு வைத்துப் பார்ப்பதே போதும். இவருக்கு அந்தப் பாதி 84. இன்னும் நாலு செ.மீ. பாக்கி.

அடுத்த ஸ்கேனை ஐப்பசிக்கு வைத்திருக்கிறோம். அதே மெஷின், அதே காலை நேரம், முந்தின நாள் மூட்டை தூக்காமல், வெறும் வயிற்றில் முதல் பஸ். போன வாரம் வந்திருந்தபோது அரணாக்கயிறு தளர்ந்து கீழே இறங்குகிறது என்று சொல்லிவிட்டு, புதுசு வாங்காமல் பழையதிலேயே இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி முடிச்சுப் போட்டிருப்பதைக் காட்டினார். நோட்டில் அதையும் தேதி போட்டு எழுதச் சொன்னேன்.